வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பிராசசர்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில், எது கெட்டது என்று கண்டறிவதைவிட எது கெடவில்லை என்று வாடிக்கையாளரை நம்பவைப்பதே பெரும்பாடு. பழவங்காடிக் கணபதியைத் தொழுத பின்னரே நாள்தோறும் கடையைத் திறக்கிறேன். ஆயினும் சோதனைகள் குறைவதில்லை. கணினி விற்று உழல்வோரும் வாங்கி அல்லலுறுவோருமாகிய அன்பர்களே, சென்ற ஐப்பசி மழையில் ஒரே கணினி எனக்கு அருளிய சோதனைகளை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புதிய கார்டு, பழைய தடுமாற்றம்

ஆனந்தி ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பருப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிற பெண். மாலையில் வீடு திரும்பியதும் இணையவழி கேம் ஆடுகிறாள். பொழுதுபோக்காக அல்ல, ஐவர் அணியில் ஒருத்தியாக, போட்டிகளில். திங்கட்கிழமை காலை அத்தான் மகேஷின் துணையோடு கணினியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள். அத்தானின் யோசனைப்படி புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டும், எதிரிகள் கூட்டமாக வரும் கணத்தில் திரை உறைந்து விடுகிறதாம்.

"வேணும்னா ரேமையும் கூட்டிப் பாக்கலாம் அண்ணாச்சி" என்றான் மகேஷ். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தகுதிச் சுற்று. கோழிக்கோட்டிலிருக்கும் அணித்தலைவன் மாற்று ஆளைத் தயாராக வைத்துவிட்டான். போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருசம் ஆடிப் பிடிச்ச இடம் அண்ணாச்சி. இந்தத் தடவையும் படம் நின்னா நான் டீம்ல இல்ல."

குறைத்தும் கூடாத வேகம்

கேமை ஓடவிட்டு, அளவுகாட்டும் மென்பொருளைத் திரையோரம் திறந்து வைத்தோம். சண்டை மூண்டதும் கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் ஓய்ந்திருந்தது. பிராசசரோ முழுச் சுமையில் திணறியது. உறுதிப்படுத்திக்கொள்ளப் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். குற்றம் கார்டினுடையதாயின் அதன் பாரம் குறைந்து வேகம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. கோயில் ஊட்டுப்புரையில் எத்தனை பெரிய அடுப்பை மூட்டினாலும், காய் நறுக்கிக் கொடுப்பவர் ஒருவரே என்றால் பந்தி தாமதமாகத்தானே செய்யும்? படம் தீட்டுவது கார்டு. எதைத் தீட்டுவதென்று ஒவ்வொரு கணமும் கணக்கிட்டுக் கொடுப்பது பிராசசர்.

மதர்போர்டையும் சேர்த்து மாற்ற நாளில்லை. ஆகவே அதே போர்டில் பொருந்தும் பிராசசர்களில் ஒன்றைத் தேர்ந்தோம். உச்சத்தில் உள்ளதை அல்ல, அதற்கு அடுத்ததை. உச்சத்தில் உள்ளது கக்கும் வெப்பத்தை அந்தச் சிறிய கேபினெட் தாங்காது. இவ்வளவையும் ஆனந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அவன் என் பக்கம் திரும்பி, "அப்போ கார்டு வாங்கச் சொன்ன என்னையும் கழத்தி மாத்திருவீங்களா அண்ணாச்சி?" என்றான்.

இடிக்கு நடுவே

புதிய பிராசசரை அந்தப் போர்டு அடையாளம் காண வேண்டுமாயின், பழையது பொருந்தியிருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அது நடக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் போர்டு செத்துவிடும். மறுபடி உயிர்ப்பித்துத் தரும் நேரம் எங்களிடம் இல்லை. புதன்கிழமை பிற்பகல், வானம் தெளிவாக இருக்கிறதென்று பார்த்துத்தான் தொடங்கினோம். பாதியில் கிழக்கே இருண்டது. விழுந்த முதல் இடியிலேயே தெரு முழுவதும் விளக்கணைந்தது.

யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது. அதன் பேட்டரி முதியது என்பதை நானும் என் பணியாளர் சஜீவும் அறிவோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. திரையில் புதுப்பிப்பின் அளவைக் காட்டும் கோடு ஊர்ந்தது, நின்றது, மீண்டும் ஊர்ந்தது. கூவலின் இடைவெளி சுருங்கச் சுருங்க, என் உதடுகள் தாமாக ஐந்தெழுத்தை உருவிடலாயின. கோடு விளிம்பைத் தொட்டது. கணினி தானே அணைந்து தானே எழுந்தது. சற்றைக்கெல்லாம் பேட்டரி தீர்ந்து யூ.பி.எஸ். அடங்கியது. சஜீவ் கைபேசி வெளிச்சத்தில் திருப்புளியை எடுத்துக்கொண்டு, தம் மலையாளம் கலந்த தமிழில், "சாரே, ஜபம் நிறுத்தண்டா கேட்டோ, புதுசு மாட்டி முடியட்டும்" என்றார்.

காப்பு

வியாழனன்று கணினி வீடு சென்றது. அன்றிரவுப் பயிற்சியில் திரை ஒருமுறையும் நிற்கவில்லையாம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ஆனந்தியின் அழைப்பு: "அண்ணாச்சி, திரும்பவும் நிக்குது. முன்னைவிட மோசம். ஆட்டம் தொடங்கப் போறாங்க!" நானும் சஜீவும் அவள் வீட்டுச் சந்துக்குள் ஓடினோம். அறை வாசலிலேயே சந்தன மணம் எதிர்கொண்டது. கேபினெட்டின் முன்முகம், காற்று புகும் வலையெங்கும், விரற்கனத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம். நோய் தீர்ந்து வீடு வந்த கணினிக்கு, மகள் வேலைக்குச் சென்றிருந்தபோது, அவள் தாயார் சந்தனக் காப்பே சாத்திவிட்டார். காற்றின்றிக் கொதித்த பிராசசர், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை அறவே குறைத்துக்கொண்டிருந்தது.

சஜீவ் ஈரத்துணியை எடுத்ததும் தாயார் குறுக்கே வந்து நின்றார். "காப்பு சாத்துன அன்னைக்கே கலைப்பாங்களா? இவளுக்காகத்தான் நேர்ந்து சாத்துனேன்."

"அம்மா, அவங்க காத்திட்டிருக்காங்கம்மா!" ஹெட்போனில் அணித்தலைவனின் குரல் உயர்வது எங்களுக்கும் கேட்டது.

நான் சொன்னேன்: "தாயே, திருமேனிக்குச் சுவாசம் வேண்டாம், இதற்கு வேண்டும். கலைக்கமாட்டேன். அப்படியே எழுந்தருளச் செய்கிறேன், அனுமதிப்பீர்களா?"

அவர் ஓரடி மட்டும் விலகினார். சஜீவும் நானும் இருபுறமும் பற்றி இழுக்க, முன்முகம் சந்தனம் சிந்தாமல் தனியே கழன்று வந்தது. அதை இரு கைகளிலும் ஏந்திச் சென்று பூசையறைப் பலகையில் சாத்தினேன். வெற்று மார்போடு நின்ற கேபினெட்டின் விசிறி பெருமூச்சு விட்டது. அளவுகாட்டியில் வெப்பம் படிப்படியாக இறங்கியது. ஆட்டம் முடியும்வரை அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. இறுதியில் ஆனந்தி ஹெட்போனைக் கழற்றி, "ஜெயிச்சாச்சு. அடுத்த சுற்றுக்கும் நான்தானாம்" என்றாள். தாயார் பூசையறைப் பக்கம் கைகூப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்: "பாத்தீங்களா அண்ணாச்சி, காப்பைக் கலைக்காம விட்டதுக்குப் பலிச்சிட்டு."

பிராசசரின் வெப்பத்தைப் பாகை பாகையாகக் காட்டும் கருவிகள் எங்கள் தொழிலில் ஏராளம். வெள்ளிக்கிழமைச் சந்தனத்தைத் துடைக்க வந்தவன்மீது ஒரு தாயின் பார்வையில் ஏறும் வெப்பத்தை அளக்கத்தான் இன்னும் ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை.