ஜீப் கதவில் கையகலப் பச்சை

திண்டிவனம் சாலையில் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் வீரமணிக்கு எதிர்ப்பட்டறை தேவேந்திரனைக் கண்டாலே ஆகாது. பொறாமைதான், வேறென்ன?

வல்லத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே லாரிக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர் வீரமணி. எப்பேர்ப்பட்ட ஓட்டை வண்டியையும் கல்யாண மாப்பிள்ளையாக மினுக்கி அனுப்புவார். தேவேந்திரன் பெயின்ட் டப்பாவைத் திறப்பதே இல்லை. அந்தக் காலத்து வண்டிகளைப் பதமாகக் கழுவி, மெழுகு தேய்த்து, மங்கிய பழைய பெயின்டை அப்படியே காப்பாற்றித் தருவான். அதற்குச் சென்னையிலிருந்தெல்லாம் ஆள் வந்து வீடியோ எடுத்துப் போனார்கள். வீரமணியை எவன் எடுத்தான்?

"துணி வச்சித் தொடைக்கிறவன்லாம் பெரிய ஆளாயிட்டான்," என்று வீட்டில் எரிந்து விழுந்தார்.

"அவன் வேலைய அவன் பாக்குறான். உனக்கு இன்னா டென்ஷன்?" என்றாள் மனைவி கலைமதி. அதைக் கேட்டு அவருக்கு இன்னும் எரிந்தது.

ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு தேவேந்திரனே தேடி வந்தான். அனந்தபுரம் சிவசங்கருடைய தாத்தா காலத்துப் பச்சை ஜீப் அவனிடம் இருந்தது. கதவின் கீழ்ப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தான்.

"அண்ணே, அந்தக் கையகலத்துக்கு மட்டும் பழைய கலர் வரணும். எனக்குக் கலர் கலக்க வராது. நீதான் வரணும்."

'வாடா வா, மாட்டினாயா' என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு வீரமணி ஒத்துக்கொண்டார். பூஜைக்குக் கூடும் கூட்டத்தில், இது என் கை என்று காட்டாமல் விடுவதில்லை. பச்சையோடு மஞ்சளும் கறுப்பும் சேர்த்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார், பிடிக்காமல் மறுபடி கலக்கினார். அடித்துக் காய்ந்ததும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அதன் பளபளப்பைக் கொன்றார்.

பூஜையன்று தேவேந்திரன் பட்டறையில் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். சிவசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாத்தா ஓட்டுன மாதிரியே இருக்குது தேவேந்திரா! ஒரு எடத்துல கூடப் புதுப் பெயின்ட் படல பாரு!"

வீரமணிக்குச் சுருக்கென்றது.

"பட்டுருக்குதுங்க. கதவுக்கு வீரமணி அண்ணன்தான் அடிச்சாரு," என்றான் தேவேந்திரன்.

"எங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தார்! வீரமணி முன்னால் போய்க் குனிந்தார். விரலை ஓரிடத்தில் வைத்தார். இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முட்டி போட்டுத் தடவினார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? கண்டுபிடிக்க முடியவில்லை.

"சும்மா பேருக்குச் சொல்றாங்கப்பா," என்று யாரோ சிரித்தார்கள். சிவசங்கரும் சிரித்தபடி தேங்காய் உடைக்கப் போய்விட்டார். வீரமணிக்கு முகம் செத்துவிட்டது.

தேவேந்திரன் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நேத்தே நானும் தேடிப் பாத்தேண்ணே. தெரியல. வவுறு எரிஞ்சி போச்சி எனக்கு."

வீரமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எரிந்துதான் போயிருந்தான்.

"பொரி இருந்தா குடுடா," என்றார் வீரமணி. அந்தப் பட்டறையில் அவர் கை நீட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.