மாமா தூக்காத கல்

எங்கள் மாமா தனியாளாகத் துவைகல்லைத் தூக்கி அப்பாவின் காலைக் காப்பாற்றிய கதையைச் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் தூக்கவில்லை. தூக்கியது நான். அப்போது ஏழாம் வகுப்பு படித்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் ஆத்திரத்தில் எனக்குக் காது சுடுகிறது.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடந்திருந்தது. வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வகை பிரித்துக்கொண்டு திரிந்தேன். கத்தரிக்கோல் முதல் வகை. நடுவில் இருக்கும் ஆணிதான் ஆதாரம், ஒரு பக்கம் கை, மறுபக்கம் துணி. பாக்குவெட்டி இரண்டாம் வகை; ஆதாரம் ஒரு முனையில், பாக்கு நடுவில், அதனால் கொஞ்சம் அழுத்தினாலே போதும். அம்மா சப்பாத்தி திருப்பும் இடுக்கி மூன்றாம் வகை; கை நடுவில் பிடிப்பதால் பலம் மிச்சமாகாது, விரல் சுடாமல் வேலை நடக்கும், அவ்வளவுதான். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் அம்மாவின் தம்பி. திருப்பூரில் பார்த்த வேலை போய், சில மாதங்களாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். "ஏட்டி, அதெல்லாம் பரீட்சையில எழுததுக்கு. பொருள நகட்டணும்னா கையில பெலம் வேணும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவருமாகப் பின்வாசலில் கிடந்த துவைகல்லைச் சுவரோரம் நகர்த்தப் போனார்கள். முந்தின நாள் மழையில் மண் இளகிக் கிடந்தது. கல் சரிந்து அப்பாவின் வலது காலின் மேல் விழுந்துவிட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மாமா குனிந்து விளிம்பைப் பிடித்துத் தம் கட்டினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். "ஆள் கூட்டிட்டு வாரேன்" என்று தெருவுக்கு ஓடினார்.

அம்மா கடப்பாரையைக் கொண்டுவந்து கல்லுக்கடியில் செருகி மேலே தூக்கினாள். நுனி ஈரமண்ணில் புதைந்ததே தவிர கல் அசையவில்லை. "எம்மா, மேல தூக்காத. கீழ அமுக்கணும்" என்றேன். முட்டுக்கு ஒரு செங்கல்லை வைத்தேன், நொறுங்கிப் போனது. பிறகு ஒரு கருங்கல் துண்டை உருட்டி வந்து, துவைகல்லை ஒட்டினாற்போல வைத்து, கடப்பாரையை அதன்மேல் சாய்த்து, மறுமுனையில் வயிற்றைக் கொடுத்து முழு உடம்போடும் தொங்கினேன். கல் நாலு விரல் எழும்பியது. அம்மா அப்பாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.

கால் வெளியே வரவும், மாமா எதிர்வீட்டு அண்ணாச்சியோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மாமா பாய்ந்து வந்து, எழும்பியிருந்த விளிம்பில் இரண்டு கைகளையும் கொடுத்தார். அண்ணாச்சி பார்த்தது அதைத்தான். கடப்பாரையில் தொங்கிக்கொண்டிருந்த நான் அவர் கண்ணில் படவேயில்லை.

அப்பாவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி கதையைச் சொன்னார். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் குறுக்கே விழுந்து உண்மையைச் சொன்னால், "பிள்ள பயந்துபோயிருக்கு, துன்னூறு பூசி விடுங்க" என்றார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து வந்த பெரியம்மாவைப் பின்வாசலுக்கு இழுத்துப்போய், அதே கருங்கல், அதே கடப்பாரை, துவைகல்லை மறுபடியும் தூக்கியே காட்டினேன். பெரியம்மா அசந்துபோனாள். "அப்படியே மாமன் பெலம்லா இவளுக்கு" என்றாள்.

அப்பாவிடம் போய் நியாயம் கேட்டேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

"நீங்க பாத்தீங்கள்லா?"

"பாத்தேன் மக்கா."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லுதேன், சொல்லுதேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்லத்தான் செய்தார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாமாவுக்குப் பெண் கொடுக்கும் யோசனையில் ஆட்கள் வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். மாப்பிள்ளைக்கு இப்போது என்ன வேலை என்று அவர்கள் கேட்டார்கள். அப்பா கட்டுக் காலை நீட்டிக் காட்டினார். "வேல இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். இந்தக் காலு எனக்கு இருக்குன்னா அது எங்க மச்சினனாலதான். ஒத்த ஆளா கல்லத் தூக்கிட்டான்" என்றார்.

காபித் தட்டோடு நின்ற நான் அப்பாவை முறைத்தேன். சாட்சி சொல்ல வேண்டிய ஆள், கல்லுக்கடியில் கிடந்த ஆள், வாய் கூசாமல் பொய் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தட்டை வாங்கிக்கொண்டு என்னை அடுப்படிக்குத் தள்ளிவிட்டாள். வந்தவர்கள் மாமாவை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டினார்கள். அன்றைக்கே பேச்சு முடிந்தது.

அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. செய்யாத காரியத்துக்குப் பெருமையில் கண்ணீர் வேறு வருகிறதே இந்த மனுஷனுக்கு என்று எனக்குக் கோபம் இன்னும் கூடியது.