சாமிக்கு வைத்த வாழைப்பழம்

நான் பதினாலு வயதில் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். மலைச் சாலையில் யானைச் சாணத்தை எத்தனையோ முறை ஒதுங்கிக் கடந்திருக்கிறேன். யானையை மட்டும் கண்டதில்லை. ஒரு தடவையாவது காட்டில் தனியாகத் தங்கி அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் கேஸ் அடுப்பை அடைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். ஆசைப்பட்டதோடு சரி, கிளம்பப் பயம்.

போன வருஷம் ஒருவழியாகக் கிளம்பினேன். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் மனைவி என் பையைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மருந்து.

"இதைத் தூக்கிகிட்டு எங்க ஓடுவீங்க? யானை நடந்து வந்தே புடிச்சிரும்லா."

சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பூர்வகுடிக்காரர் வீட்டில் மோட்டார் சைக்கிளை விட்டேன். அவர் மலாயில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: தின்கிற சாமான் எதுவும் கூடாரத்துப் பக்கம் இருக்கக் கூடாது. தூரமாகப் போய் உயரத்தில் கட்டிவிடு. சரி சரி என்று தலையாட்டினேன்.

ஆற்றோரமாக மூன்று மணி நேரம் நடந்து, மேடான கரையில் கூடாரம் போட்டேன். ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே தூரத்து மரத்தில் கட்டினேன். பொழுது சாயச் சாயப் பயம் ஏறியது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து ஆட்கள் முனியாண்டி சாமியிடம் சொல்லாமல் காட்டுக்குள் தங்குவதில்லை. பத்தடி தள்ளி ஒரு கல்லை நிறுத்தி, விபூதி பூசி, ஊதுபத்தி கொளுத்தி, சாமிக்கென்று கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டேன். சாமிக்கு வைத்ததும் தின்கிற சாமான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தூக்கம் வரவில்லை. வெளிச்சம் வரும் நேரத்தில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்டது. கூடாரத்தின் ஜிப்பை விரலளவு திறந்தேன்.

கல்லின் முன்னால் யானை நின்றது.

அது நடந்து வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளிகூட ஒடியவில்லை. தும்பிக்கையின் மூச்சில் ஊதுபத்திச் சாம்பல் பறந்தது. சீப்பை அப்படியே எடுத்து வாயில் வைத்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. அடுத்து தும்பிக்கை என் பக்கம் நீண்டது. கூடாரத் துணியை மெல்லத் தடவியது. துணிக்கு இந்தப் பக்கம் என் முகம். யானையின் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. எனக்கு மாத்திரையும் ஞாபகத்தில் இல்லை, வீட்டிலிருக்கும் பிள்ளைகளும் ஞாபகத்தில் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யானை திரும்பி ஆற்றில் இறங்கியது. புதருக்குள்ளிருந்து ஒரு குட்டி ஓடிவந்து, தண்ணீரைக் கண்டதும் தயங்கியது. தாய் நின்று, நீரோட்டத்துக்கு மேல்பக்கம் தன் உடம்பை அணையாகக் கொடுத்தது. அந்த மறைவில் குட்டி நடந்தது. பனிமூட்டத்தில் இரண்டும் அக்கரை ஏறி மூங்கிலுக்குள் போயின.

கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால், கூடாரத்துக்கு வெளியே வெறுங்காலோடு ஆற்றில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.