சின்னபொண்ணு உட்கார்ந்த பந்தி

என் அம்மா சின்னபொண்ணு மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவள் போய்ச் சேர்ந்து வருடம் திரும்பிவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா எனக்கு விவரம் தெரியுமுன்பே இல்லை. அம்மா களை எடுப்பாள், கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்குவாள், முகூர்த்த மாதம் வந்தால் திண்டிவனத்துக் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்ப்பாள். அத்தனை கல்யாணத்திலும் ஒரு பந்தியில்கூட உட்கார்ந்தவள் இல்லை. எல்லாரும் கை கழுவியபிறகு, அண்டாவின் அடியில் தங்கியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால், "நமக்கு இன்னாடி பந்தி? வவுறு ரொம்புனா சரி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் விழுப்புரத்தில் நர்சிங் படித்தேன். கடைசி வருடம் ஹாஸ்டல் டே விருந்து வந்தது. அன்று பெற்றோர்தான் விருந்தாளிகள். வெள்ளைத் துணி விரித்த மேசை, பிரின்சிபால் மேடமும் டாக்டர்களும் உட்காரும் அதே வரிசையில் அம்மாக்களுக்கும் நாற்காலி. கடைசி வருடப் பெண்கள் அவரவர் பெற்றோரின் இலையில் தம் கையால் பாயசம் ஊற்றவேண்டும். அதன்பிறகுதான் மற்ற யாரும் சாப்பிட ஆரம்பிப்பார்கள். என் அம்மா உட்காரவேண்டும், நான் ஊற்றவேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்துருண்டை வாசம் வீசும் பச்சைச் சேலையில் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். நான் பாயசம் எடுக்கப் போனேன். பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், கூட்டும் பொரியலும் வைத்த இலை இருக்கிறது, ஆளைக் காணோம்!

பக்கத்தில் இருந்த என் தோழி தையல்நாயகியின் அப்பா, "பின்னாடி பக்கம் போச்சும்மா" என்றார். வாளியோடு ஓடினேன். குழாயடியில், பாத்திரம் தேய்க்கும் பெண்மணிக்குப் பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழம்பு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற? அங்க எல காயுது!"

"இரு பாப்பா. கூட வர்ற ஆளு வரலியாம், இந்தப் பொம்பள ஒண்டியா அல்லாடிக்கினு கீது. ஜல்தி முடிச்சிட்டு வந்துர்றேன்."

"நீ இன்னிக்கு விருந்தாளிம்மா!"

"விருந்தாளின்னா கைய கட்டிக்கினு குந்தணுமா? பேஜாரா கீதுடி. பாத்திரம் சத்தம் காதுல உழுவுது, எனுக்கு எப்டி சோறு எறங்கும்?"

வாளியை அங்கேயே கவிழ்த்துவிடலாம் போல ஆத்திரம். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் பார்த்துவிட்டாள்.

"அய்ய, இதுக்கா அழுவற? ஊத்து" என்று வாயைத் திறந்தாள். கை முழுக்க நுரை. தம்ளரில் ஊற்றி நான்தான் புகட்டினேன். சப்புக்கொட்டிவிட்டு, "சக்கர கொஞ்சம் தூக்கல்" என்றாள், கொழுப்பைப் பாருங்கள்! "உன் கல்யாணத்துல மொத பந்தில குந்துறேன், சத்தியமா" என்று நுரைக் கையாலேயே என் தலையில் அடித்தாள்.

கல்யாணம் திண்டிவனத்தில், அவள் பாத்திரம் தேய்த்த அதே மண்டபத்தில் நடந்தது. "பொண்ணப் பெத்தவ மொத பந்தில குந்துனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று பந்தி பந்தியாக நின்று விசாரித்தாள். அவள் சாப்பிடும்போது ரசமும் அப்பளமும்தான் மிச்சம். அன்றும் சண்டை போட்டேன். "உன் புள்ளைக்கு காதுகுத்து வரட்டும்" என்றாள்.

காதுகுத்து வரை அவள் இருக்கவில்லை. மறுவருடமே நெஞ்சுவலி. நர்சுக்குப் படித்த மகள் கைக்கு ஒரு வேலைகூட வைக்காமல் போய்விட்டாள்.

காரியத்தன்று அவள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். வடை, கூட்டு, பொரியல், எல்லாம் வைத்தாயிற்று. "மொதல்ல அதுக்குப் படைக்கணும். அப்பாலதான் யாரும் வாயில வெக்கணும்" என்றார் பெரியப்பா நடராசன். ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பாயசம் நான் ஊற்றினேன். நான் ஆசைப்பட்டபடியே, எல்லாருக்கும் முந்தி என் அம்மா இலைக்கு.

வீட்டுக்குப் பின்னால் யாரோ அண்டாவை உருட்டித் தேய்க்கும் சத்தம் கேட்டது. நான் படத்தையே பார்த்தேன்.

"பாத்திரம் சத்தம் கேக்குதும்மா," என்று கத்திவிட்டேன். "எழுந்து போயேம்மா!"