சவுரிமுத்துவின் ஏழு வீடுகள்

சவுரிமுத்து தாடி வளர்த்தபோது எங்கள் தெருவே அதை வேளாங்கண்ணி வேண்டுதல் என்று நினைத்தது. அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உண்மை எனக்கும் அவன் மனைவி காந்திமதிக்கும்தான் தெரியும். சவரம் செய்யப் பத்து நிமிஷம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷ மூச்சில் தீப்பெட்டி அளவு ஜன்னல் ஒன்று செய்துவிடலாம். சவரமா ஜன்னலா என்று யோசித்தான். ஜன்னல் ஜெயித்தது.

என்னைவிட ஐந்து வயது சின்னவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தோல் வெட்டியவன். நான் துளசிங்கம், எலெக்ட்ரீஷியன். இப்போது வேலை போய் வாய்ச்சண்டை மட்டும் மிச்சம். அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் எங்கள் வீடுகள் எதிரெதிராக இருக்கின்றன. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய நுரையீரல் இறுக ஆரம்பித்தது. தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூக்கில் குழாய், மூலையில் ஆக்சிஜன் மிஷின். குழாயின் நீளம் இருபது அடி. வாசல்படி வரை வரும், தெருவுக்கு வராது.

அந்த வீட்டில் காந்திமதி வைத்ததுதான் சட்டம். அவன் விரலில் மாட்டியிருக்கும், ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம், அவ்வளவுதான் அவனுக்கு ஓடும். தலைக்குக் குளித்த நாளில் அதுவும் கிடையாது. விருந்தாளி வந்து அரட்டை அடித்துவிட்டுப் போனாலும் அன்றைய வேலை போச்சு. அதனாலேயே நான் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகினேன். என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை என்று என் மனைவி சுபத்ரா சொல்வாள்.

அவன் செய்துகொண்டிருந்தது கிறிஸ்துமஸ் குடில். மாட்டுத் தொழுவம், சுற்றிலும் பெத்லகேம் ஊர், மேலே நட்சத்திரம் என்று கிறிஸ்தவ வீடுகளில் வைப்பார்களே, அதுதான். இருபத்துநான்காம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பங்குக் கோயில் இளைஞர் குழு வீடு வீடாக வந்து மார்க் போடும். முந்தைய இரண்டு வருஷமும் அவனால் முடிக்க முடியவில்லை. பாதிக் குடிலின் மேல் பழைய புடவையைப் போர்த்தி வைத்தார்கள். பண்டிகை நாளில் அந்தப் புடவையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. அதனால் போன வருஷம் ஈஸ்டர் முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான். "இந்த வாட்டி முடிச்சுடணும்ணா" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாட்டியைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. லைட் போடுவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. ஆனால் ஒரு பழைய கட்டில் பலகையின் மேல் மாதா மாதம் எழும்பிய ஊரைப் பார்த்து வாயடைத்துப் போனேன். மாத்திரை அட்டையின் வெள்ளிக் காகிதம் ஆறாக ஓடியது. மருந்து டப்பா அட்டையை மடித்துச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு பூசியிருந்தான். ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி தண்ணீர்த் தொட்டி ஆகியிருந்தது. அவன் விழுங்கியது, குத்திக்கொண்டது எல்லாமே அங்கே இருந்தன. தட்டைக் கூரை போட்ட ஏழு வீடுகள். ஏழிலும் மாடி.

அதில் ஒரு வீட்டுக்கு வெளிப்பக்கம் படிக்கட்டு. செப்டம்பரில் ஒருநாள் பார்த்தால், படிக்கட்டில் கையைத் தலைக்கு வைத்து ஓர் ஆள் மடங்கிப் படுத்திருந்தான், கட்டைவிரல் நீளம்தான் இருப்பான். எனக்குச் சுருக்கென்றது. "இன்னா சவுரி, சாமி வெக்கிற எடத்துல குடிகாரன வுட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எண் எண்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. காந்திமதி கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி சளி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். இனி ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம் என்றாள் காந்திமதி. தொழுவத்துக்குக் கூரை இல்லை, மலை இல்லை, நட்சத்திரம் இல்லை. இளைஞர் குழுத் தலைவி எழில் நல்ல பெண். மார்க் போடுகிறவள் நான், இருந்தாலும் பரவாயில்லை, பையன்களை அனுப்பி முடித்துத் தரட்டுமா அங்கிள் என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினான். கோணிச் சாக்கில் மலை கட்டவும் தொழுவத்துக்கு வைக்கோல் வேயவும் மட்டும் என்னையும் காந்திமதியையும் விட்டான். நட்சத்திரத்தைத் தானே ஒட்டுவதாகச் சொன்னான்.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் பல்பு வைக்கப் போனேன். ஒயரை உள்ளே விட வேண்டுமே என்று முதல் வீட்டின் கூரையைத் தூக்கினேன். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே ஒரு வீடு இருந்தது. நிஜ வீடு. ஆணியில் சட்டை தொங்கியது. சுவரில் தினசரிக் காலண்டர், அதில் கிழிக்காத தாள்கள். அடுப்பின் மேல் நகக்கண் அளவு குக்கர், அதற்கு விசில்கூட இருந்தது. அடுத்த கூரையைத் தூக்கினேன். தையல் மிஷின், அதன் சக்கரத்தைத் தொட்டால் சுற்றியது. இன்னொன்றில் பரண், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. கூரையை மூடிவிட்டால் இதில் ஒன்றைக்கூட எவனும் பார்க்க முடியாது. அறுபத்தாறு வயதில் கோயிலிலும் பார்த்ததில்லை, கண்காட்சியிலும் பார்த்ததில்லை இப்படி ஒன்றை. கை பட்டால் ஏதாவது ஒடிந்துவிடுமோ என்று கூரையைப் பிடித்தபடியே நின்றேன்.

நான் திறந்த ஒவ்வொரு வீட்டிலும் தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. காலிப் பாய். பேன் சீப்பின் பல்லில் நூல் கட்டி நெய்தது, ஒரு பாய்க்கு நாலு நாள் ஆகும் என்று காந்திமதி சொன்னாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூடச் சீப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டானாம்.

பிரமிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. என் சுபாவம் அது.

"கூர போட்டா தெரியாத எடத்துலயா மூச்சக் கொட்டினே? எட்டு மாசம்டா. வெளில ஒரு நட்சத்திரம் இல்ல."

அவன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "இத செய்யும்போது, எனக்கு மூச்சுன்னு ஒண்ணு கீதுன்றதே மறந்து பூடுதுண்ணா. வேற எதுலயும் மறக்கல."

ஆறு வீட்டுக்கு பல்பு வைத்தேன். ஏழாவதை, அந்தப் படிக்கட்டு வீட்டை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தடுத்துவிட்டான்.

இருபத்துநான்காம் தேதி மதியம் வரை படுத்தே இருந்தான். நாலரை மணிக்குத் தன் பத்து நிமிஷத்தை எடுத்துக்கொண்டான். நட்சத்திரம் ஜிகினாத் தாளில் வெட்டித் தயாராக இருந்தது, பின்னால் பசை தடவி மலையில் ஒட்டினால் போதும். நான் பசையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. சீப்பிலிருந்து கடைசிப் பாயை அறுத்து எடுத்தான். ஓரம் பிரியாமல் முடிச்சுப் போட்டான். இடுக்கியால் பிடித்து ஏழாவது வீட்டுக்குள் இறக்கினான், ஒருமுறை வைத்து, சரியில்லை என்று எடுத்து, நகர்த்தி வைத்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எண் எண்பத்தொன்பது. காந்திமதி இடுக்கியை வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு எழில் மூன்று பேரோடு வந்தாள். மலை நன்றாக இருக்கிறது என்றார்கள், புல்லுக்காக முளைக்கவைத்த கேழ்வரகு நன்றாக இருக்கிறது என்றார்கள். நட்சத்திரம் எங்கே என்று பார்த்துவிட்டு மார்க்கைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். கூரையைத் தூக்கிக் காட்டச் சொல்லி அவனுக்கு ஜாடை காட்டினேன். அவன் அசையவில்லை. பரிசு வேறு தெருவுக்குப் போனது.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அந்தக் கூரயத் தூக்குண்ணா" என்றான்.

தூக்கினேன். ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே புதுப் பாய். எதிர்ச் சுவரில் ஃபியூஸ் போர்டு, அதற்கு மூடி இல்லை. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்தவன் வீட்டு ஃபியூஸ் போர்டுக்கு மூடி இல்லை என்று சுபத்ரா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது என் வீட்டு மாடி அறை.

அப்போதுதான் புரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது எங்கள் தெருவில் மாடி வீடு ஏழுதான். கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாரையும் அந்த ஏழு வீடும் பங்கு போட்டுக்கொண்டன. சவுரியும் காந்திமதியும் எங்கள் ஒற்றை அறையில் ஒன்பது நாள் இருந்தார்கள். யாரிடம் சொன்னாலும் அதை நான் ஒன்பது நாள் பேஜார் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"பெத்லகேம்ல புள்ளத்தாச்சி மாதாவுக்கு எல்லா வூட்லயும் எடமில்லன்னு சொல்லிட்டாங்க. நம்ம தெருவுல ஒருத்தரும் சொல்லல. அத செஞ்சு வெக்கணும்னு தோணிச்சு" என்றான் சவுரி.

நான் படிக்கட்டைப் பார்த்தேன். கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவனைப் பார்த்தேன். வெள்ளம் வந்த அந்த ஒன்பது நாளும் அந்த அறையில் நாலு பேர் படுக்க முடியவில்லை. பக்கத்து மாடியில் இடம் இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அங்கே இடம் இல்லை. எல்லாரும் தூங்கியதும் எங்கள் படிக்கட்டிலேயே முடங்கிக்கொள்வேன். அது சுபத்ராவுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டாம் நாளே பாத்துட்டேன். சொன்னா நீ சண்டைக்கு வருவியேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றான்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். நட்சத்திரத்துக்கு என்று வைத்திருந்த பல்பு கையில் இருந்தது. அதைப் படிக்கட்டுக்கு மேலே கட்டப் போனேன். வேண்டாம், தூங்குகிறவன் கண்ணில் வெளிச்சம் அடிக்கும் என்று சவுரி தடுத்துவிட்டான்.

எங்கள் ஃபியூஸ் போர்டுக்கு நான் இன்னும் மூடி போடவில்லை. சுபத்ரா திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். போட்டால் சவுரி செய்த வீடு தப்பாகிவிடும்.