மதிப்பெண்ணுக்கு முன் ஒரு புள்ளி

கடைவீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, "புள்ளி சார் போயிட்டாரு சார், விடியக்காலம்" என்றார். கணக்கு ஆசிரியர் அருளப்பனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்த என் ஆறுதலுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் நாங்கள் விடைத்தாள் திருத்திய விதம் எளிது. தப்பான விடையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, தாளின் மேலே மார்க். பிள்ளைகள் மார்க்கைப் பார்ப்பார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைப்பார்கள், அத்தோடு சரி. அருளப்பன் கோடு போடமாட்டார். தப்பு நேர்ந்த வரியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைப்பார். என்ன தப்பு என்று எழுதமாட்டார். மாணவரே கண்டுபிடித்துத் திருத்தி வந்த பிறகுதான் மார்க். "நான் திருத்தினா கணக்கு எனக்குத்தான் வரும். எனக்குத்தான் ஏற்கெனவே வருமே!" என்று சிரிப்பார். "எல்லாரையும் போல மார்க்கைப் போட்டுத் தொலையுமே" என்று தலைமையாசிரியர் சலித்துக்கொள்வார்.

ஓர் அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து பூ விவசாயி மொக்கையன், எட்டாம் வகுப்பில் படித்த மகள் பேச்சியம்மாளைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் வந்தார்.

"என்னா சார் இது, எறும்பு மேஞ்ச மாதிரி? மார்க்கு எங்க? மார்க்கே போட முடியாத அளவுக்கா எழுதியிருக்கா? நிப்பாட்டிப்புட்டுப் பூவெடுக்க அனுப்பிடுறேன்."

பேச்சியம்மாள் அழத் தயாராக நின்றாள். அருளப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "செத்த நேரம் உக்காருங்கண்ணே. பேச்சி, அந்த முதப் புள்ளியப் பாரு."

தோட்டத்தைச் சுற்றிப் பாதை போடும் கணக்கு அது. பாதையோடு சேர்த்து மொத்த நீளம் காணவேண்டும். அவள் தோட்டத்தின் நீளத்தோடு பாதையின் அகலத்தை ஒரு முறைதான் கூட்டியிருந்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். மொக்கையனும் எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. "என்னாடி கேட்டிருக்கு?" என்றார். சொன்னாள். அவர் விரலால் மேசைமேல் தோட்டம் வரைந்தார், பாதையும் வரைந்தார். சட்டென்று முகம் மலர்ந்து வாயைத் திறந்தார்.

"அண்ணே, பரீட்சை உங்களுக்கில்ல" என்றார் அருளப்பன்.

"ஏய், சொல்லுடி! நெஞ்சடைக்குது!"

"அப்பா, சும்மா இருங்க!" என்று அதட்டியவள், தானும் விரலால் மேசைமேல் பாதையை வரைந்து பார்த்தாள். பிறகு கத்தினாள்: "சார்! பாதை அந்தத் தலப்புலயும் இருக்கே! ரெண்டு தடவ கூட்டணும்!"

அருளப்பன் மார்க் போடப் பேனாவை எடுத்தார். மொக்கையன் கையை நீட்டித் தடுத்தார்.

"மார்க்கு கெடக்கட்டும் சார். அடுத்த புள்ளி எங்க?"

பேச்சியம்மாளின் படிப்பு அன்றைக்குப் பிழைத்தது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் எங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அதுவரை ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் மொக்கையன் வாசலில் வந்து, "புள்ளி வச்சாச்சா சார்?" என்று கேட்பார். அவரைக் கண்டால் தலைமையாசிரியரே எழுந்து நிற்பார். மொக்கையன் முதலில் வந்துபோனதற்கு அடுத்த ஆண்டே வரலாற்றுத் தாளிலும் புள்ளி விழுந்தது. வைத்தவன் நான்.

புள்ளி வைக்க யாரும் பழகிவிடலாம். அதன் பிறகு அவர் செய்ததுதான் கடினம். பேச்சியம்மாள் தேடிய நேரம் முழுவதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. பேனாவைக் கழற்றி, அவசரமே இல்லாமல் மை ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்க்காமலிருத்தலைத்தான். இன்றும் தெருப் பிள்ளைகள் கணக்கோடு வருகிறார்கள். புள்ளி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குகிறேன். "தாத்தா!" என்ற கூச்சல் கேட்கும் வரை துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.