கடைசி இடத்தில் ஒரு பூச்சியம்

சென்னையில் யாரிடம் பெயர் சொன்னாலும் அடுத்த கேள்வி இனிஷியல்தான். நந்தனத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்குத் தடுமாறும். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் நம் பெயரைச் சொல்வோம். இங்கே அப்பா ஒற்றை எழுத்தாகிவிடுகிறார். எனக்கு அது இன்னும் பொறுக்கவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் எனக்கு வேலை. மருத்துவமனைகளில் நோயாளியின் பெயரையும் போகவேண்டிய அறையையும் காட்டும் மின்பலகைகள் செய்கிறோம். அவற்றை இயக்கும் டிரைவர் நிரலை சி மொழியில் நானும் செல்வமும் எழுதுகிறோம். அந்த மொழியில் பெயர் ஓர் அளவான பெட்டிக்குள் போகும். பெயர் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பூச்சியம் இருக்கவேண்டும். நாங்கள் பயன்படுத்திய நகல் கட்டளை, பெட்டி நிரம்பிவிட்டால் பூச்சியத்தை வைக்காமலே போய்விடும். பெயரைப் படிக்கும் நிரல் நிற்க இடம் தெரியாமல் பக்கத்துப் பெட்டிக்குள்ளும் நடக்கும்.

செல்வம் சோதித்ததெல்லாம் எஸ். குமார், ஆர். மணி போன்ற பெயர்கள். அடுத்த வாரம் அப்பா இருதயப் பரிசோதனைக்கு வருவதாக இருந்தார், எங்கள் பலகை மாட்டிய ராயப்பேட்டை மருத்துவமனைக்கே. ஆசையில் அவர் பெயரை, கந்தசாமி சிவபாதசுந்தரம் என்று முழுதாக அடித்துப் பார்த்தேன். பெயரை ஒட்டிக்கொண்டு வேறொருவரின் அறை எண்ணும் ஓடியது. அப்பா தனியாக நடந்து எந்த அறைக்குள் போய் நிற்பாரோ.

"மச்சி, உங்க ஊர்ல பேரு வெக்கறாங்களா, ரயில் உட்றாங்களா?" என்றான் செல்வம். "இங்க யாருக்குக் கீது இவ்ளோ நீளப் பேரு? கே.ன்னு போட்டு முடிச்சுடு."

"அது என்ர அப்பப்பான்ர பேர். வெட்டேலாது."

அந்தச் சின்னச் சிப்பில் பெட்டியைப் பெரிதாக்க இடமில்லை. கடைசி இடம் எப்போதும் பூச்சியத்துக்கே என்று நிரலை மாற்றினேன். மிஞ்சும் எழுத்தை வெட்டியாகவேண்டும். வெட்டினேன்.

மருத்துவமனையில் பலகை ஒளிர்ந்தது: கந்தசாமி சிவபாதசுந்தர. பக்கத்தில் சரியான அறை எண்.

அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, என்ர பேரின்ர வால் எங்க போட்டுது?"

"இடம் காணாது, அப்பா."

"சரி, கூப்பிட்டது என்னைத்தானே." சரியான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்து எஸ். குமார் வந்தார். அவர் பெயருக்குப் பின்னால் பலகையில் பாதி இடம் சும்மா கிடந்தது.